பலாப்பழம் உக்காந்த இடம்

ஒரு ஊர்ல ஒரு அக்கா. அந்த அக்காவை அவ தம்பி கடைசியாப் பார்த்தப்போ, அவ நின்னுக்கிட்டு இருந்தா. பக்கத்துல ஒரு பலாப்பழம் உக்காந்துக்கிட்டு இருந்துச்சு.

சிரிக்காத. கதையில இது முக்கியம். ம் சொல்லு.

"ம்."

தம்பி பேரு பூமிநாதன். பேருதான் பூமிநாதன். இத்தனை பெரிய பூமியில அவனுக்குன்னு இருந்தது எட்டடி நீளம், ஆறடி அகலத்துல ஒரே ஒரு அறை. சமையல் அதுக்குள்ள, படுக்கை அதுக்குள்ள, தொழிலும் அதுக்குள்ள. என்ன தொழில்? குடை ரிப்பேர். ஒடிஞ்ச குடை, கிழிஞ்ச குடை, கம்பி நீட்டிக்கிட்டு முறைக்கிற குடை, சரி பண்ணியும் கேக்க ஆள் வராத குடைன்னு நாப்பது அம்பது குடை மூலைக்கு மூலை சாஞ்சு நிக்கும். அப்புறம் ஒரு தகரப்பெட்டி, ஒரு அரிசி மூட்டை, சட்டி பானை. அப்புறம் அவன் பொண்டாட்டி செங்கமலம்.

புருஷனும் பொண்டாட்டியும் படுத்தா, ஒருத்தர் மட்டும் தனியாப் புரள முடியாது.

"ஏங்க, நான் சுவத்துப் பக்கம் திரும்பணும்."

"சரி, ரெடியா? ஒண்ணு, ரெண்டு, மூணு!"

ரெண்டு பேரும் சேந்து பொரட்டுன்னு திரும்புவாங்க.

அப்போ ஒரு சித்திரை மாசம், பூமிநாதனைத் தூக்கி வளர்த்த அக்கா, வடிவுன்னு பேரு, தன் வீட்டுக் கொல்லையில அந்த வருஷம் பழுத்த முதல் பலாப்பழத்தை இடுப்புல வச்சுக்கிட்டு, வேர்க்க விறுவிறுக்க வந்தா. அறைக்குள்ள கதவோரமா ஒரே ஒரு இடம் காலியா இருந்துச்சு. ஒரு முறம் வைக்கிற அளவு. அக்கா அதுல பழத்தை இறக்குனா. தொம்! இறக்கிட்டுச் சுத்திப் பாத்தா. அவ உக்கார இடமில்ல.

"ஏன்டா, நான் இந்தப் பழத்து மேலயே உக்காந்துக்கவா?"

"முள்ளு குத்தும்க்கா!"

மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. விழ இடமில்லாததால நின்னுக்கிட்டே சிரிச்சாங்க. அக்கா நின்னபடியே ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சா. சேலைத் தலைப்பால மொகத்தைத் துடைச்சா. "பழத்தை வெட்டிச் சாப்பிடுங்க, இடம் வந்துரும். அடுத்த தடவ வந்து உக்கார்றேன்"னு சொல்லிட்டுப் படியிறங்கிப் போயிட்டா.

பழத்தை மூணு நாள் சாப்பிட்டாங்க. இடம் வந்துச்சு. பத்தாம் நாள் சேதி வந்துச்சு, அக்கா காய்ச்சல் கண்டு செத்துப் போயிட்டாளாம்னு. அடுத்த தடவன்னு ஒண்ணு வரல.

"..."

ம், ஆமா. அப்படித்தான். ஆனா கதை இனிமேதான் இருக்கு, கேளு.

அக்கா வீட்டுக்காரர் கோட்டைச்சாமி. ஆறடி உசரம், முறுக்கு மீசை. தேர் வந்தாலும் தலையைக் குனியாத ஆளு. பதினாறாம் நாள் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தப்போ, பூமிநாதனைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, இங்க வா. வடிவு உன் வீட்டுல நின்னுக்கிட்டே தண்ணி குடிச்சிட்டு வந்தாளாமே?"

பூமிநாதன் தலையைத் தொங்கப் போட்டான்.

"தேனுவுக்கு அவ மாமன் வீட்டுல, மாமன் மடியில வச்சுத்தான் காது குத்தணும்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அவ சொல்லை நான் தட்டல. வருஷம் திரும்பட்டும், சித்திரையில கூட்டிட்டு வர்றேன். வந்து அவ நின்ன இடத்துலயே நிப்பேன். நானா உக்கார மாட்டேன். உன் அறைக்குச் சாமர்த்தியம் இருந்தா என்னை உக்கார வைக்கட்டும். இல்லேன்னா பொண்ணைத் தூக்கிட்டுத் திரும்பிருவேன். மேலத்தெரு சடையனும் அவளுக்கு மாமன் முறைதான். அவன் மடியில குத்திக்கிறோம்."

தேனுங்கிறது அக்கா பொண்ணு. அஞ்சு வயசு. அம்மா போனதுலேருந்து அது சிரிக்கிறதே இல்ல. அப்பா பின்னால நின்னு மாமனை ஒரு பார்வை பாத்துச்சு. அக்கா கண்ணு அப்படியே அதுக்கு.

பூமிநாதன் வீட்டுக்கு வந்து சொன்னான்: "செங்கமலம், இந்த அறையைப் பெருசாக்கணும்."

"சுவத்தைத் தள்ளி வைக்கப் போறீங்களா? அந்தப் பக்கம் ஊர்ச் சாக்கடை ஓடுது."

"தள்ள வேண்டாம். பெருசாத் தெரிஞ்சாப் போதும்."

ம் சொல்லு.

"ம். எப்படித் தெரியும்?"

அதான் கேள்வி. தை மாசம் வந்துச்சு. வெள்ளையடிக்கிற அந்தோணிகிட்ட யோசனை கேட்டான். "வானத்துக்குச் சுவரு இருக்கா? இல்லேல்ல? வானம் மாதிரி அடி. அறை ரெண்டு மடங்காத் தெரியும்"னான் அவன். சரின்னு சுண்ணாம்புல நீலத்தைக் கலந்து, சளக் புளக், சளக் புளக்னு நாலு சுவரும் கூரையும் ஒரே இளநீலமா அடிச்சாங்க. அம்சமா இருந்துச்சு. தெருவுல போன ஒரு குருவி நெசமாவே வானம்னு நினைச்சு விர்ர்ருன்னு உள்ள வந்து, டப்! சுவத்துல மோதி, தலையை ஒரு உலுக்கு உலுக்கி, வந்த வழியே போயிருச்சு.

"குருவியே ஏமாந்துருச்சுடி! மச்சான் ஏமாற மாட்டாரா? உக்காந்து பாத்துருவோம். இந்த அரிசி மூட்டைதான் மச்சான். இந்தக் குடம்தான் தேனு."

பூமிநாதன் குடத்தை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தான். செங்கமலம் அரிசி மூட்டையை நகர்த்திக்கிட்டு வந்தா.

"உக்காருங்க அண்ணே"ன்னு மூட்டைகிட்டச் சொன்னா.

"ஐயோ! எடு, எடு! மச்சான் என் கால் மேல நிக்கிறார்!"

அறை பெருசாத் தெரிஞ்சுச்சு. ஆனா இடம் வரல.

அப்புறம் மாசி மாசம். ஒரு சலூனை மூடிட்டாங்க. அந்த சலூன் கண்ணாடி, ஆளுயரக் கண்ணாடி, குடை ரிப்பேர் கூலிக்குப் பதிலா வந்துச்சு. கதவுக்கு எதிர்ச் சுவத்துல அதை மாட்டுனாங்க. மாட்டிட்டுப் பாத்தா, அடேயப்பா! கண்ணாடிக்குள்ள இன்னொரு நீல அறை. அதுக்கும் ஒரு வாசல், அதுக்கும் ஒரு தெரு.

"இப்போ மூட்டையைக் கொண்டா. எத்தனை மச்சான் தெரியுறார்?"

"ரெண்டு."

"உக்காந்துட்டாங்களா?"

"ரெண்டு பேரும் நிக்கிறாங்க. நாப்பத்தெட்டு குடை இப்போ தொண்ணூத்தாறு குடையாச்சு. நீங்க ஒருத்தரே எனக்கு ஜாஸ்தி, இப்போ ரெண்டு பேர் முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

பூமிநாதனுக்கு அழுகை வந்துருச்சு. சித்திரைக்கு ஒரு மாசம்தான். அரிசி மூட்டையைக் கட்டிக்கிட்டு, "நான் என்ன மச்சான் பண்ணட்டும்?"னு கேட்டான். மூட்டை ஒண்ணும் சொல்லல.

அப்போ செங்கமலம் கண்ணாடியையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் மெதுவாச் சொன்னா: "ஏங்க, கண்ணாடியில பாருங்களேன். கீழ திருவிழாக் கூட்டமா இருக்கு. மேல பாருங்க, வானத்துல யாருமே இல்ல."

தூங்கிட்டியா?

"இல்ல... மேல யாருமே இல்ல."

ஆங். பங்குனி பூரா வேலை நடந்துச்சு. உத்தரத்துல வரிசையாக் கயிறு கட்டி, கேக்க ஆள் வராத குடையெல்லாம் விரிச்சு, தலைகீழாத் தொங்க விட்டாங்க. கறுப்புக் குடை, பூப்போட்ட குடை, பொம்பளப் புள்ளைங்க கொண்டு போற சின்னச் சிவப்புக் குடை. ஒவ்வொண்ணும் ஒரு கூடை மாதிரி ஆச்சு. ஒரு குடையில தட்டும் கரண்டியும். ஒரு குடையில வெங்காயம். ஒண்ணுல கோலமாவு. துணிமணிக்கு ரெண்டு. ரிப்பேருக்கு வந்த குடையெல்லாம் மடக்கி ஒரு பெரிய குடைக்குள்ள.

"குடைக்குள்ள குடையா?"

குடைக்குள்ள குடை. காலியான தகரப்பெட்டியை அந்தோணிக்குக் குடுத்துட்டாங்க. அரிசி மூட்டையைத்தான் எந்தக் குடையும் தாங்கல. அது சுவரோரமா சாய்மானமாச்சு. கடைசியில ஒரு கயிறு மிச்சமாத் தொங்குச்சு. அதுக்கு மாட்ட ஒண்ணுமில்ல.

கீழ பாத்தா, தரை! கல்யாணம் ஆனதுலேருந்து அவங்க பாக்காத தரை. ரெண்டு பேரும் படுத்தாங்க. ஒண்ணு ரெண்டு எண்ணாமலே செங்கமலம் அந்தப் பக்கம் உருண்டா, இவன் இந்தப் பக்கம் உருண்டான். உருள உருள இடம் வந்துச்சு. மேல நீல வானத்துல பூப்போட்ட குடையெல்லாம் மெதுவா ஆடுச்சு.

"செங்கமலம், நாம ஜெயிச்சுட்டோம்"னு பூமிநாதன் சந்தோஷமா எந்திரிச்சான்.

டங்!

இந்தப் பக்கம் எந்திரிச்சான். டொங்!

அப்பதான் அவனுக்குப் புரிஞ்சுச்சு. இந்த அறையில உக்காரலாம், படுக்கலாம், உருளலாம். நிக்க மட்டும் முடியாது.

"அடிப்பாவி! நிப்பேன்னு சொல்லிட்டு வர்ற மனுஷன்டி அவரு! நாளைக்கு வெள்ளிக்கிழமை, அவர் வர்றேன்னு சேதி சொல்லிவிட்ட நாள்! உக்கார இடமில்லன்னு போன வருஷம் கோவம். நிக்க இடமில்லன்னா இந்த வருஷம் என்ன ஆகும்?"

செங்கமலம் என்ன பண்ணுனா? ஒரு வெங்காயத்தை எடுத்து வெங்காயக் குடைக்குள்ள சரியாப் போட்டா. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில வந்துட்டார் கோட்டைச்சாமி. வெள்ளை வேட்டி, முறுக்கு மீசை, தோள்ல ஒரு பலாப்பழம். கோவம் கோவமா இருந்தாலும் கையை வீசிக்கிட்டா வர முடியும்? ஒரு கையில தேனு. பின்னால காது குத்துற ஆசாரி.

"வாங்க மச்சான்..." பூமிநாதன் கும்பிட்டான்.

"வந்தேன். நிக்கத்தான் வந்தேன்."

"பழத்தைக் குடுங்க அண்ணே"ன்னு செங்கமலம் வாங்கி, அந்தக் காலிக் கயித்துல கட்டித் தொங்க விட்டா. கோட்டைச்சாமி தலையைக் குனியாம, நெஞ்சை நிமித்தி, உள்ள ஒரு எட்டு வச்சார்.

டங்! கிணு கிணு கிணுன்னு கரண்டியெல்லாம் ஆடுச்சு. அவர் குனியல.

இன்னொரு எட்டு வச்சார். டொங்! வெங்காயக் குடை சாஞ்சு பொல பொல பொலன்னு தலையில வெங்காய மழை. ஒரு சின்ன வெங்காயம் காது மேல பூ மாதிரி உக்காந்துக்கிச்சு. அப்பவும் அவர் குனியல.

மூணாவது எட்டு. எங்க? கதவுப் பக்கமா ஒதுங்குனார். வடிவு நின்ன இடம். அதுக்கு நேர் மேல கோலமாவு.

பொஃப்!

ஒரே வெள்ளைப் புகை. புகை அடங்குனப்போ கறுப்பு மீசை வெள்ளை மீசையா நிக்குது. வாசல்லேருந்து ஒரு சத்தம். க்ளுக்! யாரு?

"தேனு!"

தேனுதான். மொதல்ல க்ளுக்குன்னு ஒண்ணு, அப்புறம் கிக்கிக்கின்னு, அப்புறம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. "அப்பா, கண்ணாடியில பாருங்கப்பா! தாத்தாப்பா!"

கோட்டைச்சாமி கண்ணாடியில பாத்தார். வெள்ளை மீசைக்காரர் ஒருத்தர், காதுல வெங்காயத்தோட, அவரையே முறைச்சார். இவர் முறைச்சார். அவரும் முறைச்சார். பொண்ணு சிரிச்சு ஒரு வருஷம் ஆச்சு. உதட்டைக் கடிச்சுப் பாத்தார், முடியல. சிரிப்பு வந்தா முழங்கால் நிக்குமா? தொப்புன்னு தரையில உக்காந்துட்டார்.

"மச்சான்! உக்காந்துட்டீங்க!"

"நான் எங்கடா உக்காந்தேன்? உன் அறைதான் அடிச்சு உக்கார வச்சிருச்சு!"

சொல்லிக்கிட்டே அண்ணாந்து பாத்தார். நீல வானம், பூக்குடை, அதுக்கு நடுவுல பலாப்பழம் ஆடிக்கிட்டு இருந்துச்சு. அதையே கொஞ்ச நேரம் பாத்தார்.

"அன்னைக்கும் ஒரு கயிறு கட்டியிருக்கலாமேடா, மாப்ளே."

"தோணலையே மச்சான்."

"ம்"னார் கோட்டைச்சாமி. நீ சொல்றியே, அந்த மாதிரி ம் இல்ல. வேற ம்.

அப்புறம் அவர் கொஞ்சம் நகந்து அரிசி மூட்டையில சாஞ்சுக்கிட்டார். செங்கமலம் பழத்தை இறக்கி வெட்டிச் சுளை எடுத்தா. ஆசாரி படியில உக்காந்தார். தேனு ஓடி வந்து பூமிநாதன் மடியில ஏறி உக்காந்துச்சு. சரக்! வீல்னு ஒரு அலறல். அலற வாயைத் திறந்தப்போ செங்கமலம் ஒரு பலாச்சுளையை உள்ள வச்சுட்டா. அழுகையும் சுளையும் ஒண்ணா உள்ள போச்சு. இன்னொரு காது. சரக்! இன்னொரு சுளை. குத்துக்கு ஒரு சுளைன்னா இன்னொரு காது இருந்தாலும் குத்திக்குவேன்னுச்சு தேனு.

எல்லாரும் உக்காந்து, இலை போட்டு, சாப்பிட்டாங்க. கண்ணாடிக்குள்ளயும் எல்லாரும் உக்காந்து சாப்பிட்டாங்க. கதவோரத்துல கொஞ்சம் இடம் காலியா இருந்துச்சு. அதுல யாரும் இலை போடல, யாரும் உக்காரல.

அவ்வளவுதான். கதை குடைக்குள்ள சுருண்டு படுத்துருச்சு, நீயும் சுருண்டுக்கோ.

ம் காணோமே?

அந்த அறை இப்பவும் எட்டடிக்கு ஆறடிதான். எல்லாரும் உக்காந்த பெறகும், கதவோரம் ஒரு ஆள் உக்கார இடம் மிச்சம் இருக்கு.