வாலுக்குள் மடக்குக் கத்தி

தவளைக்குச் சாகும்வரை வால் இருந்த காலம் அது. நண்டும் கொக்கும் வாய்விட்டுப் பேசிய காலமும் அதுதான்.

ஒரு கோடையில் சேற்றுக்குட்டை வற்றத் தொடங்கியது. கரையைத் தாண்டினால் ஏரி, வற்றாத தண்ணீர். ஆனால் கரைமேல் நெட்டையன் என்கிற கொக்கு நின்றது. தண்ணீரில் துடுப்பாக உதவிய வால் தரையில் பாரமாக இழுபட்டது, தாவ விடவில்லை. ஏறி வந்த தவளைகளை வாலைக் கவ்வித் தூக்கி விழுங்கியது நெட்டையன். தொப்பளான் என்ற தவளையின் இரண்டு தங்கைகளும் அப்படித்தான் போனார்கள். இரண்டாமவளை விழுங்கிவிட்டு அது விட்ட ஏப்பம் தொப்பளானின் காதைவிட்டு அகலவே இல்லை.

குட்டையில் சிப்பிக் கத்தி செய்து பிழைத்த கொடுக்கன் என்ற நண்டிடம் போனான்.

"மாமா, என் வாலை வெட்டிவிடு."

"வெட்டினா ரத்தம் கொட்டிச் செத்துப்போவே மாப்ளே. வால் தேன்கூடு மாதிரி, உள்ளே ஆயிரம் அறை. ஒவ்வொரு அறையும் தன்னைத்தானே இடிச்சுக்கணும். அப்பத்தான் நோகாமக் கரையும். அறைக்கு ஒரு கத்தி வைக்கிறேன்."

தொப்பளானின் தம்பி ஊசியனுக்கு இன்னும் கால் முளைக்கவில்லை. "எனக்குத்தான் முதல்ல!" என்று முந்திக்கொண்டான். கத்திகள் உள்ளே போன கணமே வேலையைத் தொடங்கின. உச்சிவேளைக்குள் வால் கரைந்துபோனது. நீந்த வாலும் இல்லை, உதைக்கக் காலும் இல்லை. ஊசியன் சேற்றில் அமிழ்ந்து செத்தான்.

"உன் கொடுக்கு எப்பவும் விரிஞ்சே கிடக்கு. அதனால கத்தியையும் விரிச்சே வச்சே. என் தம்பியைத் தின்னது கொக்கு இல்லை, நீ!" என்றான் தொப்பளான்.

கொடுக்கன் மூன்று நாள் வளைக்குள் கிடந்துவிட்டு மடக்குக் கத்தியோடு வந்தான்.

"சிப்பி அதேதான், வடிவம்தான் வேற. கைப்பிடியிலிருந்து ஒரு நாக்கு நீண்டு கூர்மேல படிஞ்சிருக்கு, பாரு. அது இருக்கிறவரைக்கும் இது வெறும் கட்டை. நாக்கை நறுக்கினா விரியும். விரிஞ்ச கத்தி பக்கத்து அறைக் கத்தியோட நாக்கை நறுக்கும். அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது."

"முதல் நாக்கை யார் நறுக்குறது?"

"நாலு காலும் முளைச்சதும் உடம்பே நறுக்கிக்கும். உனக்குத்தான் முளைச்சு வருஷமாச்சே, உனக்கு நான் நறுக்குறேன். தப்பாப் போனா..."

"தப்பாப் போனா அடுத்த ஜென்மத்துலயும் உன்னை விடமாட்டேன். நறுக்கு."

கொடுக்கன் நறுக்கினான். வால் மளமளவென்று இளகியது. மூன்று நாள் தொப்பளான் ஒன்றுமே தின்னவில்லை, பசிக்கவும் இல்லை. இடிந்த அறைகளே அவனுக்குச் சோறாயின. நான்காம் நாள் பின்பக்கம் வழவழவென்று இருந்தது. கூட்டத்தார் எல்லோரும் தங்கள் வாலிலும் கத்தி வைத்துக்கொண்டார்கள். இனிமேல் இடும் முட்டைகளிலும் வைக்கச் சொன்னார்கள்.

பெரியவர்கள் எல்லோருடைய வாலும் கரைந்ததும் தொப்பளான் பட்டப்பகலில் கரையேறி நெட்டையன் முன்னால் நின்றான்.

"வாடா, தங்கச்சிகளைத் தேடி வந்தியா? உள்ளேதான் இருக்காளுக, நீயும் போ," என்ற கொக்கு, வழக்கம்போல் வால் இருக்கும் இடத்தில் கொத்தியது. அலகு கண்வரை சேற்றில் புதைந்தது.

தொப்பளான் தாவினான். தவளை இனத்தின் முதல் தாவல் அது. நேரே நெட்டையன் தலைமேல் போய் உட்கார்ந்தான்.

"என்ன நெட்டையா, வாலைக் காணோமா? நல்லாத் தேடு, இன்னும் ஆழத்துல இருக்கும்!"

பிறகு குரல் கொடுத்தான். குட்டையே கிளம்பி வந்தது. பெரியவர்கள் முதுகில், கால் முளைக்காததால் கத்திகள் மடங்கியபடியே இருந்த பொடிசுகள் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு தவளையும் கொக்கின் கழுத்தை மிதித்து எம்பி ஏரிக்குள் குதித்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

கால் நான்கும் முளைத்ததும் தலைப்பிரட்டை தன் வாலைத் தானே கரைத்துச் செரித்துக்கொண்டு கரையேறுவதும், மழை வந்ததும் தவளைகள் கொக்கின் பரம்பரையையே தொண்டை கிழியத் திட்டித் தீர்ப்பதும் அன்று தொடங்கியதுதான்.