இரண்டே முக்கால் அடி

ஆற்றங்கரையில் ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டின் பழைய நெல் கிடங்குச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. ஒரே பகலில் எழுநூற்றுப் பன்னிரண்டு பேரைக் கொண்டுபோனது. தண்ணீர் எதுவரை ஏறி நின்றதோ அந்த இடத்தில், சேறு காய்வதற்கு முன்பே, ஒரு பெயின்டர் ஏணி போட்டு ஏறி இந்தக் கோட்டை இழுத்தார். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு நாள் நாடு முழுக்க விடுமுறை. கோட்டுக்கு மாலை, மைக் செட், பெரியவர்கள் வருகை, இரண்டு நிமிஷ மௌனம்.

கோட்டுக்குப் படிப்பு கிடையாது. "இதுவரைக்கும்" என்ற ஒரு சொல்தான் மனிதர்களிடம் சொல்ல அதற்குத் தெரியும். ஆனால் ஞாபகம் பொல்லாதது. எந்த வருஷம் யார் மௌனத்தின் நடுவில் கொட்டாவி விட்டார், யார் மாலையைத் தூரத்திலிருந்து எறிந்துவிட்டு காருக்கு ஓடினார், எந்த எருமை தன் மேல் முதுகைத் தேய்த்தது, எல்லாவற்றையும் மனசில் வைத்திருந்தது. ஒருத்தரையும் மன்னித்ததில்லை. எருமையைக்கூட.

எல்லாரையும்விட அதற்கு ஆகாதவள் எதிர்வீட்டுத் தவமணி. மாவு மில் வைத்திருப்பவள். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவையாவது தெருவைக் கடந்து வந்து ஒரு பூ வைத்தாளா? இல்லை. அதோடு விட்டாளா? கோட்டுக்கு எதிரே, ஒரு சாண் கீழே, அவள் வீட்டின் காற்றுத் துளை இருந்தது. வெள்ளம் வடிந்த அந்த மாசமே அதற்குப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டாள்.

"என் மூஞ்சியில முழிக்கக் கூடாதாம் அவளுக்கு" என்று கோடு சுவரிடம் சொல்லும். "எத்தனையோ நல்லவங்களை இழுத்துட்டுப் போன ஆறு, இவளை விட்டுட்டுப் போச்சு பாரு."

சுவர் பதில் சொல்லாது. அது எப்போதுமே பேசாது.

ஒரே ஒரு விஷயத்தில் கோட்டுக்குப் பெருமை. முதல் வருஷம் மாலையை மூங்கில் கழியில் மாட்டித்தான் போட்டார்கள். பத்தாவது வருஷம் ஒரு ஸ்டூல் போதுமென்று ஆனது. இருபதாவது வருஷம் கையாலேயே போட்டார்கள். இப்போதெல்லாம் குனிந்து போடுகிறார்கள்.

"பாத்தியா? ஜனங்க வளர்ந்து எங்கிட்ட வர்றாங்க. இப்பக் குனிஞ்சு வேற கும்பிடுறாங்க" என்று கோடு சொல்லிக்கொள்ளும்.

அந்த வருஷம் ஆட்சிக்கு வந்தவர்கள் புதியவர்கள். இந்த அழுகை நாள் இனியும் வேண்டுமா என்று பார்த்துச் சொல்ல ஒரு குழு போட்டார்கள். அந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலை பத்து மணிக்குக் குழு வந்து இறங்கியது. தலைவர் ஒருவர், தணிகைநாதன் என்ற இஞ்சினியர் ஒருவர், எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா.

சாலை அப்போதுதான் புதிதாகப் போட்டிருந்தது. தார் வாசனை போகவில்லை. மினுமினுவென்று புது மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்த சாலை, கோட்டைப் பார்த்துக் கண்ணடித்தது.

"என்ன பெரியவரே, இன்னிக்கு உங்களுக்குக் கணக்குத் தீர்க்க வந்திருக்காங்க போல."

"டேய், வாயை மூடு. நேத்துப் போட்ட தாருக்கு இத்தனை பேச்சா? எழுநூத்திப் பன்னெண்டு பேருக்குச் சாட்சி நான். என்னை என்னடா செஞ்சிருவாங்க?"

"முப்பத்தொரு வருஷமா அதையே சொல்றீங்க. ஜனங்க நடக்கணும், வண்டி ஓடணும். நீங்க ஒருத்தர் மட்டும் நின்ன இடத்துலயே நிக்கறீங்க."

"நிக்கறதுதாண்டா என் வேலை."

மனிதர்கள் காதில் விழாத இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே இஞ்சினியர் பையிலிருந்து டேப்பை எடுத்தார். டேப் தன் மஞ்சள் நாக்கை நீட்டியது. கீழ் முனை சாலையைத் தொட்டது. மேல் முனை கோட்டைத் தொட்டது.

"இரண்டே முக்கால் அடி" என்றார் இஞ்சினியர்.

கோடு சிரித்துவிட்டது. "யோவ் டேப்பு, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? நான் பத்தரை அடி. என்னை இழுக்கும்போது ஏணி போட்டு ஏறினாங்க."

"நிற்கிற இடத்திலிருந்து எவ்வளவு என்று கேட்டார்கள், சொன்னேன்" என்றது டேப். "அதற்கு மேல் என்னை எதுவும் கேட்காதே. நான் சர்க்கார் உத்தியோகம்."

தலைவர் தன் தொடையைத் தொட்டுப் பார்த்தார். "இவ்வளவுதானா? இடுப்புக்குக்கூட வரல. இதுலயா எழுநூறு பேர் செத்தாங்க?"

"பழைய ரெக்கார்டுல பத்தரை அடின்னு போட்டிருக்கு சார்" என்றார் குமாஸ்தா.

"அந்தக் காலத்து ஆளுங்க கூட்டித்தான்யா எழுதுவாங்க. எழுதிக்கங்க. நேரில் அளந்ததில் இரண்டே முக்கால் அடி. மிகைப்படுத்தப்பட்ட சம்பவம். நினைவு நாளை நிறுத்திவிடப் பரிந்துரை."

கோட்டுக்கு உடம்பெல்லாம் காய்ந்துபோன மாதிரி ஆனது. கீழே பார்த்தது. சாலை தன் மூக்குக்குக் கீழேயே கிடப்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது. ஜனங்கள் வளரவில்லை.

"டேய்" என்றது கோடு, சன்னமாக. "நீ எப்படா இவ்வளவு மேல வந்த?"

"நானா வந்தேன்? ஒவ்வொரு தடவையும் மூணு அங்குலம். பழசைச் சுரண்டாம அது மேலேயே போட்டுட்டுப் போறாங்க. எனக்குக் கீழ என் அண்ணனுங்க முப்பது பேர் படுத்திருக்கானுங்க."

"எதுக்குடா வருஷா வருஷம் போடறாங்க? இந்தத் தெருவுல அப்படி என்ன வண்டி போகுது?"

சாலைக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அது குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"உங்களுக்குத் தெரியாதா பெரியவரே? உங்க நாளுக்குத்தான். பெரிய ஆளுங்க மாலை போடக் கார்ல வருவாங்கல்ல? கார் குலுங்கக் கூடாதுன்னு அதுக்கு முன்ன வாரம் என்னைப் போடுவாங்க. நீங்க இல்லேன்னா இந்தத் தெருவுக்கு ஒரு சட்டி தார் வந்திருக்குமா?"

கோட்டுக்கு அதுவரை விழுந்த அத்தனை மாலையும் ஒரேயடியாகக் கழுத்தை இறுக்குவது போலிருந்தது. மறக்காதே மறக்காதே என்று தான் கத்திய ஒவ்வொரு வருஷமும் மூன்று அங்குலம் மூடியிருக்கிறார்கள். மூடுவதற்குத் தானே முகூர்த்த நாள் குறித்துக் கொடுத்திருக்கிறது.

"அண்ணே" என்று சுவரைக் கூப்பிட்டது. "நீயாவது சொல்லு. இது பொய்தானே?"

சுவர் முதல் தடவையாகப் பேசியது. ஈரச் சுண்ணாம்பு உதிர்வது போன்ற குரல்.

"சாலைக்குக் கீழ ஏழே முக்கால் அடி நான் மண்ணுக்குள்ள இருக்கேன். அங்க எனக்கு ஒரு ஜன்னல் இருக்கு. அந்தக் கம்பியைப் பிடிச்சுட்டு நின்ன கை எத்தனை, எந்தக் கை எப்ப விட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். நீ தண்ணி வடிஞ்சப்புறம் வந்தவன். நீ ஒண்ணும் பாக்கலை."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"நீ மாலை வாங்கிட்டிருந்த. நான் எப்பப் பேசறது?"

இஞ்சினியர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு வாசலில் சூசை என்ற கொத்தனார் கையில் கரண்டியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் சாலையிலிருந்து வழிகிற மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் வாசலில் தடுப்புச் சுவரை உயர்த்துவது அவருக்கு அந்த வீட்டில் வருஷா வருஷம் வருகிற வேலை.

"டேப்பு பொய் சொல்லாது சார்" என்றார் சூசை. "நீங்க நிக்கிற எடந்தான் பொய் சொல்லுது."

"உன்னை யாருய்யா கேட்டா?" என்றார் தலைவர். அப்போதுதான் அந்த வீட்டைப் பார்த்தார். சாலைக்கு மேலே கூரையும் மூன்றடிச் சுவரும்தான் தெரிந்தன. வாசலுக்கு எட்டுப் படி கீழே இறங்க வேண்டும். "இது என்ன, நிலவறையா?"

படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. தலையெல்லாம் மாவு படிந்த தவமணி மேலே வந்தாள். அறுபதுக்கு மேல் இருக்கும்.

"நிலவறை இல்ல சார், வீடு. தரையை நான் மாத்தவே இல்ல. அன்னிக்கு இருந்த அதே தரை. தெருதான் ஏறிப் போயிருச்சு."

"நீங்க யாரும்மா?"

"மாவு அரைக்கிறவ. நீங்க ரெண்டே முக்கால் அடின்னு எழுதினது கீழ வரைக்கும் கேட்டுச்சு. இந்த நாளை வைங்க, வைக்காமப் போங்க. எனக்கு அதுல ஒண்ணுமில்ல. நான் ஒரு வருஷமும் வந்ததில்ல. ஆனா ரெண்டே முக்கால் அடின்னு எழுதிட்டுப் போகாதீங்க."

"அளந்து பாத்தாச்சேம்மா."

"எங்க நின்னு அளந்தீங்க? எறங்கி வந்து என் வீட்டுக்குள்ள அளங்க." அவள் கொத்தனார் பக்கம் திரும்பினாள். "சூசை, உன் டியூபை எடு."

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் அது. உள்ளே இருப்பது தெரியும்படியான நீளக் குழாய்; குழாய் நிறையத் தண்ணீர். ஒரு முனையை இங்கேயும் மறு முனையை அங்கேயும் பிடித்தால், நடுவில் எத்தனை பள்ளம் மேடு இருந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும்.

"வாசல் வழியாப் போனா நீளம் பத்தாதுக்கா" என்றார் சூசை.

தவமணி சூசையின் கடப்பாரையை எடுத்துக் காற்றுத் துளையில் அடித்திருந்த பலகையை நெம்பினாள். முப்பத்தோரு வருஷத்து ஆணிகள் கிரீச்சிட்டன. பலகை விழுந்தது. சூசை ஒரு முனையைத் துளை வழியே உள்ளே விட்டுவிட்டு, மறு முனையைச் சாலைக்குக் குறுக்கே கொண்டுவந்து கோட்டில் வைத்துப் பிடித்தார்.

குழாய்க்குள் தண்ணீர் அசைந்தது. கோட்டின் மேல் வந்து லேசாக மோதியது. அது பேசியது.

"என் பேரைச் சொல்லி மாலை வாங்குகிறவன் நீதானா?"

எந்தத் தண்ணீர் தன்னைப் பெற்றதோ அதைக் கோடு அன்றுவரை பார்த்ததில்லை. "நீ... நீயா? உன்னையா சாட்சிக்குக் கூப்பிட்டாங்க? நீதானே கொன்ன?"

"நான்தான்" என்றது தண்ணீர். "அதனால்தான் எனக்குச் சரியாகத் தெரியும். எனக்குக் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. எங்கே விட்டாலும் என் மட்டத்துக்கு வந்து நிற்பேன். உன்னைப் போல ஒரே இடத்தில் நின்று கத்தத் தெரியாது. காட்டு, இங்கேயா? இதோ, அங்கே போகிறேன்."

தண்ணீர் குழாய்க்குள் நகர்ந்தது.

திறந்த காற்றுத் துளை வழியாகக் கோடு முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் பார்த்தது. மேலே கூரைப் பக்கத்திலிருந்து கீழே பார்ப்பது போலிருந்தது. ஒரே அறை. மாவு மூட்டைகள். ஒரு பழைய இரும்புக் கட்டில். அதன் மேல் இரண்டு சின்னச் சட்டைகள், சலவை செய்து மடித்து வைத்தவை.

தவமணியோடு எட்டுப் படி இறங்கிக் குழுவின் மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். இஞ்சினியர் தொங்கிய முனையைப் பிடித்து இடுப்பளவில் வைத்தார். தண்ணீர் குபுக்கென்று பீச்சி அவர் சட்டையை நனைத்தது. குறையக் குறைய வெளியில் சூசை தண்ணீர் ஊற்றி, தன் முனையில் மட்டத்தைக் கோட்டளவிலேயே வைத்துக்கொண்டார்.

"மேல தூக்குங்க" என்றாள் தவமணி.

நெஞ்சுக்குத் தூக்கினார். பீச்சியது. தலைக்கு மேலே தூக்கினார். அப்போதும் வழிந்தது.

"இன்னும் மேல."

மாவு மூட்டை மேல் ஏறி நின்றார். கையை முழுக்க நீட்டினார். காற்றுத் துளையைத் தாண்டி ஒரு சாண் மேலே போனபிறகுதான் தண்ணீர் வழிவதை நிறுத்தியது. இரண்டு தடவை ஏறி இறங்கியது. பிறகு அசையாமல் நின்றது.

டேப் தானாகவே நாக்கை நீட்டிய மாதிரி இருந்தது. தரையிலிருந்து ஒன்பது அடி; அந்தத் தரையே பழைய தெருவுக்கு ஒன்றரை அடி மேலே. இஞ்சினியர் வாய்விட்டுச் சொல்லவில்லை. விரலால் காட்டினார்.

"இந்தத் துளை வழியா மூச்சு விட்டிருக்கலாமேன்னு கேட்பாங்க" என்றாள் தவமணி. அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "துளைக்கும் மேல போயிருச்சு பாருங்க. பெரியவனுக்கு ஏழு வயசு. சின்னவளுக்கு நாலு. நான் மண்ணெண்ணெய் வாங்க மேட்டுத் தெருவுக்குப் போனேன். ஆத்துப் பக்கம் ஓடிருவாங்கன்னு வெளியில பூட்டிட்டுப் போனேன். பூட்டிட்டுப் போனவ எந்த மூஞ்சிய வச்சுட்டு அங்க வந்து மாலை போடறது?"

முப்பத்தோரு வருஷமாக அவள் பேரில் வளர்த்த வன்மத்தை எங்கே வைப்பது என்று வெளியே சுவரிலிருந்த கோட்டுக்குத் தெரியவில்லை. தனக்குச் சொல்லத் தெரிந்த அந்த ஒரே சொல்லைச் சொல்லப் பார்த்தது. அதுவும் வரவில்லை.

அறைக்குள் தலைவர் தலைக்கு மேலே குழாயில் நின்ற தண்ணீரைப் பார்த்தார். குமாஸ்தா பார்த்தார். மூட்டை மேல் நின்ற இஞ்சினியரும் பார்த்தார். அத்தனை உயரத்தில் நின்றும் அவர் தலை அந்த மட்டத்துக்குக் கீழேதான் இருந்தது. அந்த அறையில் எல்லாருமே தண்ணீருக்கு அடியில்தான் நின்றிருந்தார்கள். யாரும் சொல்லாமலே மூன்று பேரும் வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தாவின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

தவமணி மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"மூச்சு விடுங்க சார்" என்றாள். "உங்களால முடியும்."