நாரை மறைத்த விரால்

மலைமேல் ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. பனிக்காலத்தில் அதன் கரையில் ஒரு சாம்பல் நாரை தனியாக நின்றுகொண்டிருந்தது.

ஏன் தனியாக? பிடிவாதம்தான் பிள்ளைகளே, வேறென்ன! குளிர் தொடங்கியதும் மற்ற நாரைகளெல்லாம் சமவெளி வயல்களுக்குப் பறந்துவிட்டன. "எல்லாரும் போனால் நானும் போக வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு இது மட்டும் தங்கிவிட்டது.

குளிர் ஏற ஏற, மீன்கள் கரையோரத்தை விட்டு ஆழத்துக்குப் போய்ச் சேற்றோடு ஒட்டிக்கொண்டன. கால் எவ்வளவு நீளமாக இருந்தாலும் நடு ஏரிக்கு எட்டுமா? நாரை ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தது. வெயில் காலமாக இருந்தால் விரால் தொபுக்கென்று மேலே வந்து கவ்வியிருக்கும். இப்போது வெட்டுக்கிளி ஊறிப்போனதுதான் மிச்சம். ஒரு குமிழிகூட வரவில்லை.

பசியையாவது பொறுக்கலாம். பேச்சுத் துணை இல்லாததை எப்படிப் பொறுப்பது? தண்ணீரில் தெரிந்த தன் நிழலிடமே, "என்ன, சாப்பிட்டாயா?" என்று கேட்கும் நிலைக்கு நாரை வந்துவிட்டது.

ஒரு காலையில், மூடுபனிக்குள்ளிருந்து ஒரு நீர்நாய் தலையை நீட்டியது.

"என்ன நாரையக்கா, எல்லாரும் போயாயிற்று, நீங்கள் மட்டும் ஏரிக்குக் காவலா?"

நாரைக்கு மகிழ்ச்சியில் சிறகு சிலிர்த்தது. வெளியே காட்டிக்கொள்ளுமா? "உன் வேலையைப் பார்" என்றது.

"அதைப் பேசத்தான் வந்தேன். நான் ஆழத்தில் முங்கி மீனைக் கிளப்பி விடுகிறேன். சேறு கலங்கினால் எனக்குக் கண் தெரியாது. நீங்கள் கரையில் நின்று பிடியுங்கள். ஆளுக்குப் பாதி."

"பாதியா!"

"பாதிதான் அக்கா. என் பேச்சு மட்டும் முழுசாக உங்களுக்கே."

நாரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு! "சரி, போய் முங்கு" என்றது.

நீர்நாய் முங்கியது. சற்று நேரத்தில் ஏரி கலங்கியது. குளிரில் விறைத்த ஒரு கொழுத்த விரால், தள்ளாடிக்கொண்டு நாரையின் காலடிக்கே வந்தது. ஒரே கொத்து. பிடித்தாயிற்று!

கரையில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதானே? நாரை மீனைப் பார்த்தது. தண்ணீரைப் பார்த்தது. நீர்நாய் இன்னும் மேலே வரவில்லை.

'ஒன்றும் வரவில்லை என்று சொன்னால் போயிற்று. சேற்றுக்குள் இருப்பவனுக்கு என்ன தெரியப் போகிறது?' என்று எண்ணி, அண்ணாந்து முழு விராலையும் விழுங்கிவிட்டது.

விழுங்கியது சரி, இறங்க வேண்டாமா? கழுத்தோ கரும்பு மாதிரி. விராலோ குழவிக்கல் மாதிரி. பாதி வழியில் சிக்கி நின்றது.

நீர்நாய் மீசையில் தண்ணீர் சொட்ட, நடுங்கிக்கொண்டே கரையேறியது. "வந்ததா அக்கா?"

நாரை இல்லையென்று தலையை ஆட்டியது. தலையோடு சேர்ந்து கழுத்து வீக்கமும் ஆடியது. வீக்கத்துக்குள் ஒரு வால் துள்ளியது.

நீர்நாய் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை.

"பனி அதிகம்தான். தொண்டை ரொம்ப வீங்கியிருக்கிறதே, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கியது.

"நில் தம்பி!" என்று கத்த நினைத்தது நாரை. குரல் எங்கிருந்து வரும்? வழியைத்தான் மீன் அடைத்துக்கொண்டிருந்ததே! அது இறங்கி முடிவதற்குள் நீர்நாய் மூடுபனியில் மறைந்துவிட்டது.

மறுநாளிலிருந்து எதிர்க்கரையில் நீர்நாயும் எங்கிருந்தோ வந்த ஒரு நீர்க்காகமும் கூட்டு. "தலைப்பக்கம் உனக்கா எனக்கா?" என்ற சண்டையும், பின்னாலேயே சிரிப்பும், ஏரியைத் தாண்டி வந்தன.

பிறகொரு நாள், வழிதவறி வந்த ஒரு சின்னக் கெண்டை நாரையிடம் அகப்பட்டது. பசி உயிரை வாங்கியது. ஆனாலும் மீனைக் கொத்தி இரண்டாக்கி, ஒரு பாதியைக் கரைக்கல்லின்மேல் வைத்தது.

"தம்பி! பாதி உனக்கு!"

எதிர்க்கரையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாரை காத்து நின்றது. கல்மேல் இருந்த பாதி மீனில் பனி படிந்தது.

நீதி: கூட்டாளியின் பங்கை மறைத்துத் தின்றால் ஒரு வேளை வயிறு நிறையும், பிறகு பங்கு கொடுக்கக்கூட ஆள் கிடைக்காது.