இருபத்தொரு சொல் மின்னஞ்சல்

கொக்குமடையில் அப்பளக் கம்பெனி நடத்தியவர்கள் மூன்று பேர். மூத்தவர் தவசிமணி, மற்ற இருவரும் அவருடைய மச்சினன்மார், பூவலிங்கமும் சுடலைக்கண்ணும். மூவருக்கும் சேர்த்து யோசனை ஒன்றுதான் உண்டு. அதையும் முறைவைத்துத்தான் பயன்படுத்துவார்கள்.

சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் பீர்மைதீன் பாய் நாற்பது பெட்டி அப்பளம் கேட்டிருந்தார். தர முடியுமா, முடியாதா என்று சனிக்கிழமை மதியத்துக்குள் மின்னஞ்சலில் பதில் போக வேண்டும். போகாவிட்டால் ஆர்டர் பக்கத்து ஊர் வெள்ளாங்குடிக்குப் போய்விடும்.

இவர்கள் அனுப்பும் மின்னஞ்சலோ எங்கே போனாலும் குப்பைப் பெட்டியில்தான் விழுந்தது. சொந்தமாக மெயில் சர்வர் வைத்தால் மரியாதையாகப் போய்ச் சேரும் என்று யாரோ சொன்னார்கள். திங்கட்கிழமை சர்வர் வந்து இறங்கியது. தூத்துக்குடி இன்ஜினியர் பிரிட்டோ போனில் மூன்று விஷயம் சொன்னார்.

"முதல்ல, உங்க கம்பெனி பேர்ல யார் யார் மெயில் அனுப்பலாம்னு ஒரு பட்டியல் போட்டு, எல்லாரும் பார்க்கிற மாதிரி வைங்க. அதுல இல்லாதவங்க அனுப்பினா போலின்னு தள்ளிருவாங்க."

மூன்று பெயரையும் எழுதி முடித்ததும் பூவலிங்கம் கேட்டார்: "மச்சான், ஊரே பார்க்கிற பட்டியல். பெரிய மாமா பேரை விட்டுட்டா அடுத்த விசேஷத்துக்கு வருவாரா?"

"வரமாட்டாரு. எழுது."

சாயங்காலத்துக்குள் அறுபத்துமூன்று பெயர் ஆகிவிட்டது. அப்போதும் கொழுந்தியாள் வீட்டில் இரண்டு பேர் விடுபட்டிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் போடுவதுபோலக் கடைசியில், "மற்றும் உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும்" என்று சேர்த்தார்கள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அவர்கள் பெயரில் கடிதம் எழுதலாம் என்று ஆயிற்று.

"ரெண்டாவது, ஒவ்வொரு மெயில்லயும் சர்வர் முத்திரை குத்தணும். அதுக்கு ஒரு ரகசியச் சாவி அனுப்பியிருக்கேன். நீளமா எழுத்தும் எண்ணுமா இருக்கும். யார்கிட்டயும் காட்டாதீங்க."

"சர்வர்கிட்ட காட்டலாமா மச்சான்?" என்றார் சுடலைக்கண்.

"யார்கிட்டயும்னா யார்கிட்டயும்தான். அது நேத்து வந்தது மாப்ளே. அதோட குணம் நமக்கு என்ன தெரியும்?"

"நல்ல மாதிரியாத்தான் இருக்கு. சத்தம்கூடப் போடலையே."

"சத்தம் போடாததைத்தான் நம்பக் கூடாது."

சாவி எழுதிய காகிதம் உளுந்து டின்னுக்குள் போயிற்று.

"மூணாவது, புது சர்வர் எடுத்த எடுப்புல மொத்தமா அனுப்பினா சந்தேகப்படுவாங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா அனுப்புங்க."

பதில் கடிதத்தில் இருபத்தொரு சொற்கள் இருந்தன. கடைசிச் சொல் 'சம்மதம்'. நாளுக்கு ஒரு சொல் என்று முடிவாயிற்று. செவ்வாய்க்கிழமை 'அன்புள்ள' போயிற்று. புதன் 'பாய்'. வியாழன் 'அவர்களுக்கு'.

"இப்படிப் போனா சனிக்கிழமைக்குள்ள முடியாதே மச்சான்?"

"முடியாதுதான். ஆனா நம்மள யாரும் சந்தேகப்பட முடியாதுல்ல."

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நான்காவது சொல்லை அனுப்பப் போகும் நேரத்தில், ஆட்டோவில் பீர்மைதீன் பாயே வந்து இறங்கினார். தென்காசியில் ஒரு நிக்காஹ்வுக்கு வந்தவர்.

"என்ன அண்ணாச்சி, குப்பைப் பெட்டியில மூணு மெயில் கிடந்துச்சு. ஒண்ணுல 'அன்புள்ள', ஒண்ணுல 'பாய்', ஒண்ணுல 'அவர்களுக்கு'. இது பதிலா, மிரட்டலா? அப்பளம் தருவீங்களா, மாட்டீங்களா? வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

மூவரும் பதறிப்போனார்கள்.

"பாய், நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்றார் தவசிமணி. "கடிதம் சிங்கப்பூருக்குப் போய்க்கிட்டிருக்கு. நீங்க இங்க வந்து நின்னா அங்க யாரு வாங்குறது?"

"நான்தான் எதிர்லயே நிக்கேனேய்யா!"

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்" என்றார் பூவலிங்கம்.

ஒருவர் பையை எடுத்தார், ஒருவர் குடையை எடுத்தார், ஒருவர் பாயின் கையைப் பிடித்தார். அவரைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். பாய் ஓட்டுநரிடம் ஏதோ சொன்னார். வண்டி வெள்ளாங்குடிச் சாலையில் திரும்பியது.

"குறுக்கு வழியில போறாரு" என்றார் சுடலைக்கண். "பாவம், எவ்வளவு அக்கறை!"

தவசிமணி உடனே பிரிட்டோவுக்குப் போன் போட்டார்.

"தம்பி, மீதிப் பதினெட்டுச் சொல்லையும் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்ல முடியுமா? பாய் இப்பத்தான் கிளம்பியிருக்காரு. அவருக்கு முந்திப் போய்ச் சேர்ந்துட்டா, வீடு பூட்டியிருக்குன்னு திரும்பி வந்துருமே."