மணி அடித்துத் தூங்கிய மன்னன்

முன்னொரு காலத்தில், நாட்டின் பெயர் நமக்கு எதற்கு, செங்கோடவர்மன் என்று ஓர் அரசன் இருந்தான். போர்க்களத்தில் வீரன், பந்தியில் உட்கார்ந்தால் நல்ல மனிதன். காலையில் கண் விழித்த நேரத்தில் மட்டும் யாரும் பக்கத்தில் போக முடியாது. கண் சிவந்திருக்கும், தலை கனக்கும், வாயைத் திறந்தால் முதலில் கொட்டாவி வரும், அதன் பின்னாலேயே வசவு வரும்.

வராமல் என்ன செய்யும்? அவன் தூங்கிய லட்சணம் அப்படி. அரண்மனைக் காவல் தலைவர் மழவராயர் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தார். ஒவ்வொரு சாமத்திலும் காவலர்கள் படுக்கையறை வாசலில் நின்று, "மன்னர் நலமாகத் துயில்கிறாரா?" என்று தொண்டை கிழியக் கேட்பார்கள். மன்னர் கட்டிலருகே தொங்கும் மணியை அடித்து, ஆம், துயில்கிறேன் என்று தெரிவிக்க வேண்டும். மணி ஒலிக்காவிட்டால் மன்னருக்கு ஆபத்து என்று கதவை உடைத்துவிடுவார்கள். இந்த அறிவுக்குப் பரிசாக மழவராயர் கையில் பொற்காப்பு வேறு மின்னியது. சபையில் இருந்த அத்தனை பேருக்கும் இது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பழி யார் தலையில் விழுந்தது? விடியற்காலையில் பள்ளியெழுச்சி பாடும் ஏழிசையான் தலையில். "தூக்கம் நிறையும் முன்பே என்னை இழுத்து எழுப்புகிறான். இவனைச் சிறையில் தள்ளுங்கள்" என்றான் அரசன். தள்ளிவிட்டார்கள்.

அரண்மனை விகடன் சாத்தனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஏழிசையான் அவன் பக்கத்து வீட்டுக்காரன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். சபையில் எல்லாரும் சாத்தனிடம் ஒரு வேடிக்கைப் பேச்சை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை.

"அரசே, இரவெல்லாம் கத்தித் தங்களைத் தூங்கவிடாதவர்கள் வெளியே இருக்கிறார்கள். பொழுது விடியும்போது பாடியவன் உள்ளே இருக்கிறான். இது எந்த ஊர் நியாயம்?"

"என் உயிருக்குக் காவல் அந்த மணிதான். அதைக் குறை சொல்லாதே" என்று அரசன் சீறினான்.

மழவராயர் இப்படி ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தார். சாத்தனை மன்னர் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது அவருக்கு எப்போதுமே வயிற்றெரிச்சல். "அரசே, சாத்தனாருக்கு இவ்வளவு தெரியுமென்றால் தங்களைத் துயிலெழுப்பும் பணியை அவரிடமே ஒப்படைக்கலாம். தூக்கம் நிறைந்த அந்த நொடியில் எழுப்ப வேண்டும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. தவறினால் அவரையும் பாடகனையும் சேர்த்து நாட்டைவிட்டே துரத்திவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன், கொட்டாவியோடு.

சாத்தனுக்கு உள்ளே கொதித்தது. குரலை மட்டும் அடக்கிக்கொண்டான். "ஏற்கிறேன். மழவராயரே, சபையறிய ஒன்று சொல்லுங்கள். மன்னர் நலமாகத் துயில்கிறார் என்பதற்கு என்ன சான்று?"

"மணியோசை. அதற்குமேல் சான்று வேண்டியதில்லை."

"காவலர்கள் எங்கே நின்று கேட்க வேண்டும்?"

"மணி எங்கே இருக்கிறதோ, அங்கே."

"நல்லது" என்று சொல்லிவிட்டுச் சாத்தன் போய்விட்டான்.

மறுநாள் பொழுது நன்றாக ஏறிய பிறகு அரசன் தானாகக் கண் விழித்தான். தலை கனக்கவில்லை. கொட்டாவி வரவில்லை. பசித்தது. தண்ணீர் கொண்டுவந்த பணியாளைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்டான். அந்த ஆள் பயந்துபோய்ச் செம்பைக் கீழே போட்டுவிட்டான்.

சபையில் மழவராயர் பற்றி எரிந்துகொண்டிருந்தார். "அரசே, துரோகம். தாங்கள் கண்ணயர்ந்ததும் இந்தச் சாத்தன் மணியைக் கழற்றிக் கொண்டுபோய், யானைக் கொட்டடிக்குப் பின்னால் ஓர் ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டான்."

அரசன் முகம் கறுத்தது. காவலனை அழைத்து விசாரித்தான். அவன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "மணி இருக்கிற இடத்துல நின்னுதான் கேக்கணும்னு எங்களுக்கு உத்தரவுங்க. அதனால ஆட்டுகிட்டப் போய்க் கேட்டோம். மன்னர் நலமாத் துயில்கிறாரான்னு கேட்டா, அது தலைய ஆட்டும், மணி அடிக்கும். ஒரு சாமங்கூடத் தவறலைங்க."

அரசன் சாத்தன் பக்கம் திரும்பினான், கை வாளுக்குப் போனது. "ஓர் ஆட்டை நம்பியா என் உயிரை ஒப்படைத்தாய்?"

"இல்லை, அரசே. தங்கள் வாசலுக்குக் குறுக்கே நான் படுத்திருந்தேன். யார் வந்தாலும் என்னை மிதித்துத்தான் உள்ளே வந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மழவராயர் தம் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் வழக்கத்தில் நான் எதையும் மாற்றவில்லை. மணி அடிப்பவனும் தூங்குகிறவனும் ஒரே ஆளாக இருக்க முடியாது. அந்த இரண்டு வேலையையும் பிரித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்."

"எழுப்புவது உன் பணி. நீ என்னை எழுப்பவே இல்லையே."

"தூக்கம் நிறைந்த நொடியில் எழுப்பச் சொன்னீர்கள். நிறைந்த நொடியில் தாங்களே எழுந்துவிட்டீர்கள். எழுந்து நிற்பவரை நான் எப்படி எழுப்புவது?"

அரசன் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை, விழுந்து விழுந்து சிரித்தான். சபையும் சிரித்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். சாத்தன் கை நீட்டவில்லை.

"சிரித்தது போதும், அரசே. செய்யாத குற்றத்துக்கு ஒருவன் உள்ளே கிடக்கிறான்."

அரசன் கையசைத்தான். ஏழிசையானை அழைத்து வந்தார்கள். அரசனுக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. "என் கோபத்தால் உனக்குக் கேடு வந்துவிட்டது. சிறையில் தூக்கமாவது வந்ததா?" என்று கேட்டான்.

"நல்லாவே வந்துச்சுங்க, அரசே. தூங்குறியா தூங்குறியான்னு அங்க யாரும் வந்து கேக்கலை."

அரசன் மறுபடியும் சிரித்தான். இந்த முறை கண்ணில் நீர் வந்துவிட்டது. முத்துமாலையைத் தன் கையாலேயே ஏழிசையான் கழுத்தில் போட்டான். "சாத்தா, உனக்கு என்ன வேண்டும்? கேள்."

சாத்தனின் கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. "எனக்கு ஒன்றும் வேண்டாம். அந்த மணியை மழவராயர் கட்டிலருகே கட்டச் சொல்லுங்கள். காவல் தலைவர் உயிரும் விலை உயர்ந்ததுதானே."

அன்று முதல் ஒவ்வொரு சாமத்திலும் காவலர்கள் மழவராயர் வீட்டு வாசலில் நின்று தொண்டை கிழியக் கேட்டார்கள். மணியும் தவறாமல் ஒலித்தது. மழவராயர் நலமாகத்தான் துயின்றார், சான்று இருக்கிறது.