கோலவல்லி அடைத்த வழி

ஆறு கடலில் கலக்கும் இடத்தில், ஈர மணலில், சின்னஞ்சிறு நண்டுகள் வாழ்ந்தன. கடல்நீர் வடிந்ததும் அவை வளையை விட்டு வெளியே வரும். மணலை வாயில் அள்ளி, அதில் ஒட்டியிருக்கும் இரையைத் தின்றுவிட்டு, மிச்ச மணலை உருண்டை பிடித்துப் போடும். அந்த உருண்டைகளை வளையைச் சுற்றி இதழ் இதழாக அடுக்கிப் பூ வரைவதில் கோலவல்லி என்ற நண்டை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் அவளுக்கு ஒரு மனக்குறை. ஒவ்வொரு நண்டும் வளை வாசல்வரை உருண்டை வைக்காமல் ஒரு நேர்கோட்டை வெறுமையாக விட்டுத்தான் ஆகவேண்டும். நண்டு தின்னும் உள்ளான் பறவை இறங்கினால் ஓடித் தப்பிக்க அதுதான் வழி. எத்தனை அழகான பூவை வரைந்தாலும் அந்தக் கோடு அதைக் கீறிக்கொண்டு போனது. இதை வரைந்தவள் நடுங்கிக்கொண்டே வரைந்தாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுமே! நினைக்கும்போதே அவளுக்கு உடம்பு கூசியது.

ஒருநாள் காலை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பசி மறந்தது, பறவை மறந்தது. கடலே தன் கொடுக்கைப் பிடித்து வரைவதுபோல் இருந்தது. அடுத்த கணம் அந்த வெற்றுக் கோடு கண்ணில் பட்டது. பயம் திரும்பி வந்தது, கொடுக்கைப் பிடித்திருந்த கடல் போய்விட்டது. கோட்டை அடைத்துவிட்டால் கடல் தன்னிடமே தங்கிவிடும் என்று அவள் நம்பினாள்.

பக்கத்து வளையில் திடுக்கன் என்று ஒரு நண்டு. அலைச் சத்தம் கேட்டாலே அவனுக்குப் பாதி உயிர் போய்விடும். கோலவல்லி வழியில் உருண்டை வைப்பதைப் பார்த்து ஓடி வந்தான்.

"அக்கா, வழியை அடைக்காதீங்க. பறவை வந்தா எப்படி ஓடுவீங்க?"

"உன்னை மாதிரி பயந்தாங்கொள்ளியா நானும் வரையணுமா? எவ்வளவு அசிங்கமா இருக்கு பார்."

"அசிங்கமா இருந்தாலும் அது நிஜம், அக்கா. எனக்குப் பயம் இருக்கு. உங்களுக்கும் இருக்கு."

அவள் காதில் வாங்கவில்லை. கடைசி உருண்டையையும் வைத்தாள். பூ முழுசாகிவிட்டது. நண்டுகள் தத்தம் வழியில் நின்றபடியே கண்களை நீட்டி நீட்டிப் பார்த்தன. கோலவல்லி பூவின் விளிம்பில் நின்று, காம்புபோல் நீண்ட கண்களை மடக்கிக்கொண்டு, கடலுக்காகக் காத்திருந்தாள்.

திடீரென்று கரை அமைதியானது. அவள் கண்ணை நிமிர்த்தியபோது ஒரு நண்டுகூட வெளியே இல்லை. மணல்மேல் ஒரு நிழல் நடந்து வந்தது.

ஓட வேண்டும். எந்தப் பக்கமாக வளைக்கு ஓடினாலும் இதழ்களை மிதித்துத்தான் ஓட வேண்டும். பாவம், அந்த நேரத்திலும் தன் பூவை மிதிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு தயக்கம் போதாதா உள்ளானுக்கு? நீண்ட அலகு இறங்கி அவள் கொடுக்கைக் கவ்வியது. அவள் அந்தக் கொடுக்கை அப்படியே முறித்து விட்டுவிட்டு, உருண்டைகளில் இடறிப் புரண்டு வளைக்குள் போய் விழுந்தாள். மேலே பறவை அவளுடைய பூவைக் கிளறிக்கொண்டு நடப்பது கேட்டது.

மறுபடி நீர் வடிந்ததும் ஒற்றைக் கொடுக்கோடு வெளியே வந்தாள். முதலில் வழியை விட்டாள். பிறகு, அந்த வழியைக் கண்டு மிரண்டு ஒதுங்குவதுபோல் இதழ்களை வளைத்து வளைத்து அடுக்கினாள். ஒரு கண் வானத்திலேயே இருந்தது. கடல் வந்து கொடுக்கைப் பிடித்ததா என்று கவனிக்க அவளுக்கு நேரமில்லை.

திடுக்கன் வந்து பார்த்தான். "பார்க்கவே பயமா இருக்கு, அக்கா" என்றான். ஆனாலும் போக மனமில்லாமல் அங்கேயே நின்றான்.

தன் பயத்தை மறைத்துப் படைக்கும் அழகு பார்ப்பவர் கண்ணை மயக்கும். படைத்தவர் உயிரைக் காக்காது.