சூரியனுக்குக் கடுங்காவல்

முன்பு ஒரு காலத்தில் முள்ளிநாட்டை உறங்காப்புலி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். பேரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். உச்சிவெயிலில் மூக்குமுட்டச் சாப்பிட்டுப் படுத்தால், பொழுது சாயும்போதுதான் எழுவார். அதுவரை ஊரே படுத்திருக்க வேண்டும். உரல் இடிக்கக் கூடாது, வண்டி ஓடக் கூடாது, மாடுகூடக் கழுத்துமணி இல்லாமல்தான் அசைபோட வேண்டும். அது ராஜகட்டளை.

அரண்மனைப் பின்மதிலை ஒட்டி ஒரு கல்லூரி. அதன் மாடி முழுக்கச் சூரியத் தகடுகள். அந்தக் காலத்தில் ஏது தகடு என்று கேட்பவர்கள் கதை கேட்க வரக் கூடாது.

காலையிலேயே பேட்டரி நிரம்பிவிடும். அதன்பின் வெயில் கொளுத்தும், தகடுகள் மின்சாரத்தைக் கொட்டத் தயாராக நிற்கும், வாங்கத்தான் ஆளில்லை. ராஜா தூங்குகிறாரே. அவர் எழுந்து, சூரியன் கிளம்பிப்போன பிறகு, தண்ணீர் மோட்டாரும் மாவு கிரைண்டரும் விளக்குகளும் பந்திக்கு முந்துவதுபோல் ஒன்றாகப் பாயும். பேட்டரி காலி.

ஒருநாள் மாலை விடுதி மாணவர்கள் தலையில் சோப்பு நுரையோடு சபைக்கே வந்துவிட்டார்கள்.

"பாதிக் குளியலில் தண்ணீர் நின்றுவிட்டது மகாராஜா. நுரை காய்ந்து அரிக்கிறது. சொரிந்துகொள்ள வெளிச்சமும் இல்லை."

ராஜா மந்திரி செங்கமலத்தம்மாளைப் பார்த்தார். காரணம் அம்மாளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? 'பிரபு, தங்கள் தூக்கம்தான்' என்று ஆரம்பித்த பழைய மந்திரி இப்போது யானைக் கொட்டடியில் சாணி அள்ளுகிறார்.

அதற்குள் சபையிலிருந்த வல்லபராயர் நடுவே புகுந்தார். மந்திரி ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாளாகக் கண்.

"தகடு போதவில்லை பிரபு. என் மைத்துனன் கிடங்கில் வேண்டிய மட்டும் இருக்கிறது. அந்தப்புரத்துக் கூரையிலும் போட்டுவிடலாம். இதுகூடத் தோன்றாதவருக்கு ஆசனம் எதற்கு?"

"நியாயமான கேள்வி," என்றார் ராஜா. "ஆனால் அந்தப்புரத்துக் கூரையில் எவனும் ஏறக் கூடாது. அம்மா, புதுத் தகடு வாங்காமல் பௌர்ணமிக்குள் தண்ணீரும் விளக்கும் வர வேண்டும். வராவிட்டால் ஆசனம் ராயருக்கு, சாணிக்கூடை உமக்கு."

அம்மாள் வாயிலிருந்த வெற்றிலையை மென்று முடித்தார்.

"மகாராஜா தூங்கும்போது ஊரில் எல்லோரும் படுக்க வேண்டும், அப்படித்தானே?"

"ஆமாம்."

"ஒருத்தன் மட்டும் நிமிர்ந்து நிற்கிறான். அதுவும் தங்கள் தலைக்கு நேர்மேலே."

"எவன் அவன்?"

"சூரியன்."

ராஜாவின் மீசை துடித்தது. "ராயரே, நாளை மத்தியானம் கல்லூரி மாடியில் ஏறி அவனுக்கு என் கட்டளையை வாசித்துக் காட்டும்."

மறுநாள் ராயர் கொதிக்கும் மாடியில் ஓலையை விரித்தார். சத்தம் போடக் கூடாதே, அதனால் குசுகுசுவென்று வாசித்தார். கூடப் போனவன் முரசைக் கையால் தடவிக்கொடுத்தான். சூரியன் அசையவில்லை. ராயரின் வழுக்கைதான் கன்றிப்போனது.

"ராஜத்துரோகம்," என்றார் ராஜா மாலையில். "தலையை வாங்கலாமா?"

"வாங்கினால் நாடு இருண்டுவிடும்," என்றார் அம்மாள். "கடுங்காவல் போடலாம். தாங்கள் தூங்குகிற நேரமெல்லாம் அவன் கல்லூரிக்குத் தண்ணீர் இறைக்கட்டும், மாவு அரைக்கட்டும். என்ன, கொஞ்சம் முனகுவான்."

ராயர் துள்ளினார். "முனகலா? பிரபுவின் தூக்கம் என்னாவது?"

"சத்தம் கேட்டால் கைதி வேலையில் இருக்கிறான் என்று அர்த்தம் ராயரே. கேட்காவிட்டால் அல்லவா மகாராஜா எழுந்து உட்கார வேண்டும்?"

ராஜாவுக்கு அது வெகுவாகப் பிடித்துப்போனது. மறுநாள் மத்தியானம் மதிலுக்கு அப்பால் மோட்டார் இரைந்தது, கிரைண்டர் கடகடத்தது. அவற்றை ஓட்டியவர்களுக்குச் சிறைக்காவலர் என்று பட்டம் கொடுத்திருந்ததால் அவர்கள் படுக்கவேண்டியதில்லை. சூரியனே தமக்காகச் செக்கிழுக்கிறான் என்ற நிம்மதியில் ராஜா அடித்துப்போட்டாற்போல் தூங்கினார். மேல்தொட்டி நிரம்பியது. இட்லிமாவு பொங்கியது. பேட்டரி முழுவதும் விளக்குகளுக்கே மிஞ்சியது.

பௌர்ணமியன்று ராஜா கல்லூரிக்கு வந்தார். அறைக்கு அறை வெளிச்சம். எல்லாத் தலையும் அலசிய தலை. தகடுகளை எண்ணச் சொன்னார். ஒன்றுகூட அதிகமில்லை.

"அப்படியானால் குறை தகட்டில் இல்லை அம்மா. என் தூக்கத்தில் இருந்திருக்கிறது."

"தூக்கத்தில் குறையில்லை மகாராஜா. ஊரையும் கூடப் படுக்கவைத்ததுதான்."

ராயர் ஆவலோடு காத்திருந்தார். ராஜாவோ தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"இதை அன்றைக்கே சொல்வதற்கென்ன?"

"சொல்லியிருந்தால் இன்றைக்குக் கையில் கூடை இருந்திருக்கும்."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அம்மாளுக்குக் கொடுத்தார். பழைய மந்திரியையும் அழைத்துவர ஆள் போயிற்று. யானை சொன்ன பேச்சைக் கேட்கிறது, சபைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

"ராயரே," என்றார் ராஜா, "இனி நீர்தான் சிறை அதிகாரி. தகட்டில் தூசி படிந்தால் கைதியின் கை தளருமாம். துடைத்துக்கொண்டே இரும். வாளி தூக்க மைத்துனனைக் கூட்டிக்கொள்ளும்."

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் பெரிய மேகமொன்று வந்து மறைத்தது. மோட்டார் நின்றது. அடுத்த கணமே ராஜா எழுந்து சாளரத்தைத் திறந்தார்.

"ராயரே, கைதி எங்கே?"

ராயர் ஈரத்துணியோடு வானத்தைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார்.

"தங்கள் கட்டளைப்படி படுத்துவிட்டான் பிரபு."

"யாரைக் கேட்டுப் படுத்தான்?" என்றார் ராஜா. "எழுப்பும்."